வரிசைப்படுத்தும் அதிகாரம் யாருக்கு? புதுக்கோட்டை மாவட்டத்தின் பொது இணையதளங்களை முன்வைத்து ஓர் ஆய்வு

1. வினாவும் அதன் எல்லையும்

பொது ஜனங்கள் நாள்தோறும் நாடிவரும் ஒரு பெரிய இணையதளம், பல வருஷங்களாகப் பலர் கைபட்டுப் பக்கம் பக்கமாக வளர்ந்து, கடைசியில் அதை நடத்துவோருக்கே எது எங்கே கிடக்கிறதென்று விளங்காத நிலையை எட்டும்போது, அதைச் சீர்செய்யத் தகவல் கட்டமைப்பாளர் ஒருவரை அமர்த்தலாமா என்ற யோசனை எழுவது இன்று உலகெங்கும் சகஜமாகிவிட்டது. அந்தத் தளத்துக்கு வர்ணம் தீட்டுவதும் நிரல் எழுதுவதும் அவருடைய காரியம் அல்ல. எந்த விஷயம் எந்தத் தலைப்பின்கீழ் வரவேண்டும், அந்தத் தலைப்புக்கு என்ன பெயர் இடவேண்டும், ஒரு தலைப்பிலிருந்து மற்றொன்றுக்கு எந்த வழியாகப் போகவேண்டும், காலாவதியானவற்றை எப்போது அகற்றவேண்டும் என்பனவற்றைத் தீர்மானிப்பதே அவர் தொழில்.

அத்தகைய நிபுணர் ஒருவர் புதுக்கோட்டை போன்ற ஒரு மாவட்டத்துக்குத் தேவைதானா, தேவையென்றால் எந்த அதிகாரத்தோடும் எந்தச் சான்றுகளின் துணையோடும் அவர் வேலை செய்யவேண்டும் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. மாவட்ட நிர்வாகத்தின் தளத்தோடு, மாவட்டத்துக் குடியானவர் தம் காரியத்துக்காகக் கட்டாயம் போய்ச்சேர வேண்டிய மாநில சர்க்காரின் சேவைத் தளங்களையும் சேர்த்தே இங்கு நோக்குகிறேன். ஏனெனில் மனு எழுதுகிறவருக்கு அந்த வேற்றுமை ஒருபோதும் புலப்படுவதில்லை.

1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டத்தின் பெரும்பகுதி, அதற்குமுன் தனியொரு சமஸ்தானமாக இருந்து, தன் ஊர்களையும் கல்வெட்டுகளையும் மானியங்களையும் தானே வகுத்து, தானே அச்சிட்டுப் பார்த்த அனுபவம் உடையது. எந்த வகுப்பு முறைக்கு என்ன விளைவு உண்டு என்பதைக் காண அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் எளிதில் அகப்படாது.

2. இதுவரை சொல்லப்பட்டவை

'தகவல் கட்டமைப்பு' என்ற கருத்தை 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் சால் வர்மன் பிரஸ்தாபித்தார் என்றும், லூயி ரோசன்ஃபெல்ட், பீட்டர் மார்வில் என்ற இருவர் 1998இல் எழுதிய நூலால் அது இணையத்துக்கு உரிய தொழிலாக நிலைபெற்றது என்றும் சொல்வது வழக்கம். இவ்வரலாறு பிழையன்று, ஆனால் அரைகுறையானது. சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்டுப் பின்னர் விரித்த கோலன் பகுப்பு முறையில், ஒரு நூலின் பொருளை ஒரே கிளையில் தொங்கவிடாமல், பொருளின் தனித்தன்மை, மூலப்பொருள், செயல், இடம், காலம் என்ற முகங்களாகப் பிரித்து, வேண்டிய முகத்தின் வழியாக அதை அடையலாம் என்ற சாஸ்திரத்தை நிலைநாட்டினார். ஒரே பண்டத்தை விலையாலும் நிறத்தாலும் ஊராலும் வடிகட்டித் தேட உதவும் இன்றைய தளங்கள் யாவும் அவருக்குக் கடன்பட்டவை. வாசகனின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதை 1931இலேயே நூலகத்துறையின் ஐந்து விதிகளுள் ஒன்றாக அவர் வைத்ததும் இத்தொழிலின் முழு நியாயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது சிந்தனை, குழப்பத்தின் காரணத்தைப் பற்றியது. ஒரு ஸ்தாபனம் எதை வடிவமைத்தாலும் அது அந்த ஸ்தாபனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்ற அமைப்பின் பிரதியாகவே முடியும் என்று மெல்வின் கான்வே 1968இல் எழுதினார். சர்க்கார் தளங்கள் துறைகளின் பட்டியலாக இருப்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் இல்லை.

மூன்றாவது, ஒரு நடைமுறைச் சோதனை. பிரிட்டிஷ் சர்க்கார் 2011இல் டிஜிட்டல் சேவைக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவி, 2012ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், அதுவரை இருந்த பொதுத் தளங்களுக்குப் பதிலாக ஒரே தளத்தைத் திறந்து, படிப்படியாகத் துறைகளின் தளங்களையெல்லாம் அதற்குள் கொண்டுவந்தது. இதைப் பெருவெற்றியாகப் புகழ்வோர் பலர். ஆனால் துறைகள் தத்தம் பக்கங்களைக் கொண்டுவந்து குவித்தபின், அந்த ஒரே தளமும் லட்சக்கணக்கான பக்கங்களால் நிறைந்து, சில வருஷங்களுக்குள் பொருள்வாரியான பகுப்பு ஒன்றை அதற்கு மீண்டும் வகுக்கவேண்டி வந்ததென்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும். இடத்தை ஒன்றாக்குவதால் மட்டும் வரிசை பிறந்துவிடாது; பிறந்த வரிசையும் காவல் இல்லாவிட்டால் நிலைக்காது.

3. சமஸ்தானத்தின் இரு வரிசைகள்

புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளின் மூலபாடத்தை ராஜவம்சங்களின் அடிப்படையில் வரிசைப்படுத்தி வெளியிட்டது. சோழர், பாண்டியர், விஜயநகரத்தார் என்று தலைப்பிட்டுச் செல்லும் அத்தொகுதி, அரசர்களின் வரலாறு எழுதுவோருக்குப் பெரும் பிரயோஜனமுடையது. ஆனால் குடுமியான்மலைக் கோயிலைப் பற்றி அறிய விரும்பும் ஒருவர், அவ்வூர்க் கல்வெட்டுகள் பல நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையாதலால், தொகுதியின் பல பகுதிகளில் அலைய நேரும். கல் ஓரிடத்தில் நிற்க, அதன் எழுத்துகள் மட்டும் அரசர்வாரியாகச் சிதறிவிடுகின்றன.

சில வருஷங்களுக்குப் பின், 1938இல் தொடங்கி 1944இல் முடிந்த மூன்று புத்தகங்களாக, கே. ஆர். வேங்கடராம ஐயர் தொகுத்த சமஸ்தான மானுவல் வெளிவந்தது. அதன் இறுதிப் பகுதியான ஊர் விவரணம் வேறு வழியில் செல்கிறது. அன்றைய ஆலங்குடி, குளத்தூர், திருமயம் என்ற மூன்று தாலுகாக்களின்கீழ் ஊர் ஊராக எடுத்துக்கொண்டு, அவ்வூரின் கோயில், ஏரி, கல்வெட்டு, குடிகள் ஆகியவற்றை ஒருங்கே சொல்கிறது. ஒரே விஷயத்துக்குக் காலத்தின் வழியாக ஒரு வாசலும் இடத்தின் வழியாக இன்னொரு வாசலும் திறந்தாயிற்று. ரங்கநாதன் சாஸ்திரமாகச் சொன்னதை, அவருடைய நூல் வெளிவந்த அதே காலப்பகுதியில், ஒரு சிறு சமஸ்தானம் தன் காரிய நிமித்தமாகச் செய்து முடித்திருக்கிறது. இத்தனையும் சாத்தியமானது தர்பாரின் ஆணையால். எந்த இலாகாவின் தஸ்தாவேஜையும் கேட்டுவாங்கும் அதிகாரம் அந்த ஆணைக்கு இருந்தது.

வகுப்பதன் மறுபக்கத்தையும் இதே சமஸ்தானம் காட்டுகிறது. திவான் சேஷையா சாஸ்திரியின் காலத்தில், 1888இல் நடந்த இனாம் தீர்வை, அரசர்கள் பற்பல காரணங்களுக்காகப் பற்பல உறவுகளின் அடையாளமாக வழங்கியிருந்த நிலங்களைச் சில நிர்ணயமான வகைகளுக்குள் அடக்கிப் பதிந்தது. அப்பதிவு பழைய அரசியல் உறவுகளை உள்ளது உள்ளபடி எழுதிவைக்கவில்லை, அவற்றை வேறொன்றாகவே மாற்றிவிட்டது என்ற கருத்தை, புதுக்கோட்டையைப் பற்றி 1987இல் வெளியான 'தி ஹாலோ கிரௌன்' என்ற நூலில் நிக்கலஸ் டர்க்ஸ் விரிவாக வாதிக்கிறார். அவருடைய முடிவுகளை முழுவதும் ஏற்காதவர்கூட, பட்டியலின் தலைப்பு பட்டியலில் உள்ளவனின் கதியை நிர்ணயிக்கும் என்ற அளவில் அவரோடு உடன்பட்டே ஆகவேண்டும். எந்தத் தலைப்பின்கீழும் வராத ஒருவனுடைய தேவை சர்க்காரின் பார்வையில் இல்லாததாகிவிடும். இணையதளத்தின் தலைப்புகளுக்கும் இது பொருந்தும்.

4. ஒரு மரணமும் ஏழு வாசல்களும்

இன்றைய நிலைமைக்கு வருவோம். திருமயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பட்டாவில் பெயருள்ள ஒரு சிறு விவசாயி இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியும் பிள்ளைகளும் செய்யவேண்டிய காரியங்களை வரிசையாக எழுதினால் பின்வருமாறு அமையும்.

முதலில் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிவு செய்து சான்று பெறவேண்டும்; கிராம ஊராட்சியில் இதற்குப் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலரே. அடுத்து வாரிசு சான்றிதழ். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். மூன்றாவது பட்டா மாறுதல். அதற்கு நில ஆவணங்களுக்கென வேறொரு தளம். பிள்ளைகள் பாகம் பிரித்துப் பத்திரம் எழுதுவதானால் வில்லங்கச் சான்றுக்கும் பதிவுக்கும் பதிவுத்துறையின் தளம் நான்காவது. குடும்ப அட்டையில் பெயர் நீக்க உணவு வழங்கல் துறையின் தளம் ஐந்தாவது. மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கு மின்வாரியம் ஆறாவது. விதவை உதவித்தொகைக்கும், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் ஈமச்சடங்கு உதவி கேட்பதற்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் ஏழாவது.

இந்த ஏழில் ஒவ்வொன்றும் தன்னளவில் நன்றாகவே இயங்கக்கூடும். ஆனால் இவை ஏழும் ஒரே நிகழ்ச்சியின் கிளைகள் என்றும், முதல் சான்று இல்லாமல் இரண்டாவது நடக்காது, இரண்டாவது இல்லாமல் மூன்றாவது நடக்காது என்றும் சொல்லும் பொறுப்பு எந்தத் தளத்தின் முகப்புக்கும் தரப்படவில்லை. அந்த வரிசை தெரிந்தவர் இ-சேவை மையத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞரும், வட்டாட்சியர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவருமே. பிரிட்டனில் 2011இல் தேசமெங்கும் நடைமுறைக்கு வந்த ஒரு சேவையில், இறப்பைப் பதிவு செய்யும்போதே ஒருமுறை தெரிவித்துவிட்டால், ஓய்வூதியம், வரி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் கவனிக்கும் அலுவலகங்களுக்கு அச்செய்தி போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே நிகழ்ச்சி தலைப்பாகவும் இலாகாக்கள் அதன் உட்பிரிவுகளாகவும் மாறியிருக்கின்றன.

இங்கு கான்வேயின் சூத்திரத்தைச் சற்றே திருத்தவேண்டியிருக்கிறது. ஏழு வாசல்களில் முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் ஏழாவதும் கிராமத்தில் ஒரே கிராம நிர்வாக அலுவலரின் மேஜையைத் தொட்டுத்தான் செல்கின்றன. அவ்வாறிருந்தும் அவை திரையில் வெவ்வேறு. ஆதலால் துறைகளின் பிரிவு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு திட்டமும் தனித்தனி ஆண்டில் தனித்தனி நிதியில் மென்பொருளாக எழுதப்பட்டு, அதற்கென ஒரு முகவரி பெற்றதே உண்மைக் காரணமென்பது என் அபிப்பிராயம். மேஜை ஒன்றாக இருந்தும் ஒப்பந்தங்கள் வேறுபட்டமையால் வாசல்கள் வேறாயின. இதை உணராமல், துறைகளை ஒன்றுசேர்த்துக் கூட்டம் போட்டால் தளம் தானே சீராகும் என்று நம்புவது வீண்.

சர்க்கார் இதை அறியாததும் அல்ல. 2023 டிசம்பரில் தொடங்கிய 'மக்களுடன் முதல்வர்' முகாம்களில் பல துறையினர் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து மனு வாங்கினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நடைபெறும் ஜமாபந்தியிலும், இன்ன நாள் இன்ன பிர்கா என்று முன்கூட்டியே அறிவித்து, அந்தந்த ஊர்க் கணக்கையும் மனுவையும் ஒருசேரப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஊரைத் தலைப்பாகக் கொள்ளும் அந்த முறை பந்தலில் இருக்கிறது, திரையில் இல்லை.

5. பெயர்களும் பருவங்களும்

இடத்தின்படி வரிசைப்படுத்துவது சுலபம் என்று எண்ணுவோரை இம்மாவட்டத்தின் எல்லைகளே தடுத்து நிறுத்தும். வருவாய் நிர்வாகத்துக்கு 12 வட்டங்கள். வளர்ச்சிப் பணிக்கு 13 ஊராட்சி ஒன்றியங்கள். ஒன்பது பெயர்கள் இரண்டு பட்டியலிலும் உண்டு. ஆலங்குடி, குளத்தூர், இலுப்பூர் ஆகியவை வட்டங்கள் மட்டுமே. அன்னவாசல், அரிமளம், திருவரங்குளம், குன்றாண்டார்கோவில் ஆகியவை ஒன்றியங்கள் மட்டுமே. ஆகவே குடுமியான்மலையைச் சேர்ந்த ஒருவர் பட்டா விஷயமாக இலுப்பூர் வட்டத்தையும், நூறு நாள் வேலை விஷயமாக அன்னவாசல் ஒன்றியத்தையும் தெரிவுசெய்யவேண்டும். இறக்குப் பட்டியலில் தம் ஊர் அகப்படாமல் திண்டாடுகிறவருக்கு, தாம் தவறான மரத்தின் கிளையில் தேடுகிறோம் என்ற குறிப்பு எங்கும் கிடைப்பதில்லை. ஊர்ப் பெயரை எழுதியதும் அதன் வட்டம், பிர்கா, ஒன்றியம், சார்பதிவாளர் அலுவலகம், காவல் நிலையம் அனைத்தையும் தானே காட்டும் ஓர் ஊர் அகராதி, இம்மாவட்டத்துக்கு வரும் தகவல் கட்டமைப்பாளர் முதலில் கட்டவேண்டிய அஸ்திவாரம். மானுவலின் ஊர் விவரணத்துக்கு அதுவே இக்காலத்து வாரிசாக அமையும்.

காலத்தின் முகமும் இங்கே வலுவுடையது. ஜனவரியில் தச்சங்குறிச்சி முதலாகத் தொடங்கும் ஜல்லிக்கட்டுகளுக்கு அனுமதி கேட்போர் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் நிவாரணத்தைப் பற்றிய கேள்விகள் எழும். பள்ளி, கல்லூரி சேர்க்கையின்போது சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று மாவட்டம் முழுவதும் அலைமோதும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது நேர்ந்ததுபோல, பருவமே இல்லாத அவசரங்களும் உண்டு. எதற்கும் ஒரே 'அறிவிப்புகள்' பெட்டி, அதிலும் தேதிவாரியாகப் புதியது மேலே என்ற ஒழுங்கு, இந்தத் தேவைகளைத் தாங்காது. ஏலம், பணிநியமனம், நிவாரணம் யாவும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, பத்து நாளில் மறைந்துவிடுகின்றன. அஞ்சறைப் பெட்டியில் கடுகையும் வெந்தயத்தையும் எந்தக் கடையில் எந்தத் தேதியில் வாங்கினோம் என்ற கணக்கில் யாரும் பிரித்து வைப்பதில்லை. தாளிக்கிற கை தேடும் ஒழுங்கே அங்கு விதி.

6. எதிர்வாதங்கள்

நிபுணர் தேவையில்லை என்போரின் வாதங்கள் அலட்சியம் செய்யத் தக்கவையல்ல.

முதல் வாதம்: தேசியத் தகவலியல் மையம் மாவட்டத் தளங்களுக்கெல்லாம் பொதுவானதோர் ஆயத்தச் சட்டகத்தை அளித்திருக்கிறது, மாவட்டம் பற்றி, துறைகள், சேவைகள், சுற்றுலா, ஆவணங்கள், அறிவிப்புகள் என்ற தலைப்புகளோடு புதுக்கோட்டையின் தளமும் அதன்மேலேயே நிற்கிறது, பார்வையற்றோரும் பயன்படுத்தத்தக்க வசதியும் பாதுகாப்பும் அதனால் எளிதில் கிட்டுகின்றன, அதைக் கலைக்கலாமா? கலைக்க வேண்டியதில்லை. எல்லா மாவட்டத்துக்கும் ஒரே எலும்புக்கூடு இருப்பதில் மெய்யான நன்மை உண்டு. ஆனால் கடற்கரையும் கரிசலும் செம்மண் கல்லாங்குத்தும் ஒரே முகப்பைப் பெறும்போது, சட்டகத்துக்குள்ளேயே ஓர் அடுக்கையேனும் மாவட்டத்தின் சுபாவத்துக்கு விட்டுவைக்கவேண்டும். அந்த அடுக்கை வகுப்பதற்கே ஆள் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது வாதம்: தேடுபொறியும், இப்போது கேள்விக்கு வாக்கியமாகவே பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டபின் வரிசை எதற்கு? தேடுகிறவனுக்குத் தேடவேண்டிய சொல் தெரிந்திருந்தால் மட்டுமே தேடுபொறி துணைசெய்யும். "அப்பா இறந்துட்டாரு, நெலத்த எங்க பேருக்கு மாத்தணும்" என்பவருக்கு 'உட்பிரிவுடன் கூடிய பட்டா மாறுதல்' என்ற சொற்றொடர் தெரியாது. மேலும், பழைய ஆணையும் புதிய ஆணையும் ஒரே தகுதியோடு கிடக்கும் குவியலில் இயந்திரத்தைத் தேடவிட்டால், அது பழையதையும் அதே நிச்சயத்தோடு எடுத்துக் கொடுக்கும். ஒழுங்கற்ற களஞ்சியத்தின்மேல் நிற்கும் புத்திசாலி இயந்திரம், ஆபத்தை அதிகரிக்கவே வழியுண்டு.

மூன்றாவது வாதம்: கிராமத்தார் தளத்தைப் பார்ப்பதே இல்லை, இ-சேவை மையத்துக்கே போகிறார்கள் என்பது. இதில் உண்மை இருக்கிறது. அப்படியானால் அம்மையத்தில் இருப்பவரே தளத்தின் தலையாய வாசகர். அவருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு நிமிஷமும் வரிசையில் நிற்போர் அனைவருக்கும் மிச்சம். தவிரவும், 1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது நடந்த அறிவொளி இயக்கத்தில், எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டு கிராமத்துப் பெண்கள் தாமே வெளியே புறப்பட்ட மாவட்டம் இது. பிறர் துணையின்றித் தம் காரியத்தைத் தாம் செய்துகொள்ள விரும்பும் மனோபாவத்தை ஒருமுறை நாடே வியக்கக் காட்டியவர்களுக்கு, இடைத்தரகர் போதும் என்று சொல்லிவிடுவது நியாயமாகாது.

7. அமர்த்தும் முறை

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(அ) பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டும் பொருளடைவு செய்தும் வைக்கவேண்டும் என்று விதிக்கிறது. ஆனால் அதை அடுத்து வரும் 4(1)(ஆ) பிரிவு, தாமாக வெளியிடவேண்டியவற்றை 17 இனங்களாக அடுக்கும்போது, அமைப்பின் விவரம், அலுவலரின் அதிகாரம், முடிவெடுக்கும் முறை என்று அலுவலகத்திலிருந்தே தொடங்குகிறது. பெரும்பாலான தளங்கள் இரண்டாவதை நிறைவேற்றி முதலாவதை மறந்துவிட்டன. 2009இல் முதலில் வெளியாகி 2023இல் மூன்றாம் பதிப்பைக் கண்ட இந்திய அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள், ஒவ்வொரு தளத்துக்கும் ஓர் இணையத் தகவல் மேலாளரை நியமிக்கச் சொல்கின்றன. பக்கங்களை மறுபரிசீலனை செய்யவும் பழையவற்றை ஆவணக் காப்பில் ஒதுக்கவும் கொள்கைகள் வகுக்கச் சொல்கின்றன. மாவட்டத்தில் தகவலியல் அலுவலரும் மின்னாளுமை மேலாளரும் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆகவே குறை ஆளில் இல்லை, அதிகாரத்தில் இருக்கிறது. ஒரு துறை அனுப்பிய பக்கத்தை ஏற்றும் கடமை இவர்களுக்கு உண்டு. அதை வேறிடத்துக்கு மாற்றவோ, வேறொரு பக்கத்தோடு சேர்க்கவோ, அகற்றவோ உரிமை இல்லை.

இவ்வுரிமையை எழுத்துமூலம் வழங்காமல் வெளியிலிருந்து நிபுணரை அழைத்தால், அவர் பட்டியல் தலைப்புகளை அழகாக மாற்றி எழுதிவிட்டுப் போவார். ஆறு மாதத்தில் துறைகள் பழைய குவியலை மீட்டுவிடும். எனவே முதல் நிபந்தனை, ஆட்சியர் மட்டத்திலும், மாநிலத் தளங்களுக்குத் தலைமைச் செயலர் மட்டத்திலும் பிறப்பிக்கப்படும் ஆணை.

இரண்டாவது, அவர் சான்றுகளைத் தேடவேண்டிய இடங்கள். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு வரும் மனுக்களே முதற்பெரும் சான்று. அவற்றைத் துறைவாரியாக அன்றி, மனுதாரர் தம் வாயால் சொன்ன காரணத்தின்படி பிரித்தால், தளத்தின் தலைப்புகளில் பாதி தாமே வெளிப்படும். அதன்பின் சீட்டு அடுக்கும் சோதனை: சேவைக்கு ஒன்றாக ஐம்பது அறுபது சீட்டுகள் எழுதி, மணமேல்குடி மீனவப் பெண்களிடமும், பொன்னமராவதி கைத்தொழிலாளரிடமும், இ-சேவை மைய ஊழியரிடமும் தனித்தனியே கொடுத்து, சேர்த்து வைக்கத் தோன்றுவதைச் சேர்த்து வைத்து, குவியலுக்குப் பெயரிடச் சொல்வது. வாரிசு சான்றிதழையும் விதவை உதவித்தொகையையும் குடும்ப அட்டைப் பெயர் நீக்கத்தையும் ஒரே குவியலில் வைத்து, ஒருவர் 'வீட்ல துக்கம்' என்று அதற்குப் பெயரிட்டால், எந்த அலுவலக ஏட்டிலும் இல்லாத ஒரு தலைப்பு கிடைத்துவிட்டது. அவ்வாறு வகுத்த மரத்தை வர்ணமும் படமும் இல்லாமல் வெறும் காகிதத்தில் எழுதி, வேறு சிலரிடம் கொடுத்து, இன்ன காரியத்துக்கு எங்கே போவீர்கள் என்று கேட்பது அடுத்த சோதனை. எந்தக் கிளையில் ஏறி எங்கே திரும்பினார்கள் என்பதைக் குறித்துக்கொண்டால், பிழை எந்தப் பெயரில் என்பது தெரிந்துவிடும். இவையனைத்தும் தமிழிலேயே நடக்கவேண்டும். ஆங்கிலத்தில் மரத்தை வகுத்துவிட்டுப் பின்னர் மொழிபெயர்க்கும் வழக்கம், தலைப்புகளை மட்டும் தமிழாக்கிக் கிளைகளை அந்நியமாகவே விட்டுவிடுகிறது.

மூன்றாவது, ஒப்பந்த விதி. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998இன்படி குறைந்த விலைக்கு முக்கியத்துவம் உண்டு. நுட்பத் தகுதிக்கு ஓர் உறை, விலைக்கு ஓர் உறை என்னும் இரு உறை முறைக்கும் விதிகளில் இடமுண்டு. முதல் உறையில் நிறுவனத்தின் பெருமையைக் காட்டிலும் ஒரு சோதனை வேலையைக் கேட்பது நலம். உதாரணமாக, மேலே சொன்ன மரணத்தின் ஏழு வாசல்களை ஒரே வழியாக்கிக் காட்டச் சொல்லலாம். இத்தனை பக்கம், இத்தனை படம் என்று கணக்கிட்டு ஊதியம் தரும் ஒப்பந்தம் பக்கங்களைப் பெருக்கவே தூண்டும். முன்பின் பழகாத பத்துப் பேரில் எத்தனை பேர் கேட்டதைக் கண்டடைந்தார்கள் என்பதே அளவுகோலாக வேண்டும்.

நான்காவது, நிலைப்பாடு. நிபுணர் போய்விடுவார், மேலாளர் இருப்பார். ஆதலால் வேலையின் கடைசிப் பகுதியாக, எந்தப் புதுப் பக்கம் எங்கே சேரும், யார் அதற்குப் பொறுப்பு, எந்தத் தேதியில் அது மீண்டும் பார்க்கப்படும் என்னும் விதிகளை மாவட்டத்து ஊழியரோடு சேர்ந்து எழுதி, அவர்களைப் பழக்கிவிட்டே அவர் விடைபெற வேண்டும். பிரிட்டிஷ் தளம் மீண்டும் பெருகிய கதை இந்த நிபந்தனையின் அவசியத்தைக் காட்டும்.

8. முடிபு

புதுக்கோட்டைக்குத் தகவல் கட்டமைப்பாளர் தேவையா என்ற வினாவுக்கு, நிபந்தனைகளோடு கூடிய சம்மதமே இவ்வாய்வின் விடை. பொதுச் சட்டகமும் தேடுபொறியும் இ-சேவை மையமும் அவர் வேலையைக் குறைக்கும், இல்லாமற் செய்யா. ஆனால் அவரை அமர்த்துவதற்கு முன்பே நிர்வாகம் தீர்மானிக்க வேண்டியது ஒன்று உண்டு: துறைகளின் பக்கங்களை இடம் மாற்றும் அதிகாரத்தை ஒருவர் கையில் தர அது தயாராக இருக்கிறதா என்பது. சமஸ்தான மானுவல் முடிந்தது அத்தகைய அதிகாரம் இருந்தமையால். அதற்குத் தயாரில்லாத நிர்வாகம் நிபுணருக்குச் செலவிடும் பணத்தை மிச்சப்படுத்தி, இ-சேவை மையங்களில் இன்னும் சில ஊழியரை அமர்த்துவதே உத்தமம். மக்களுக்கு அதனால் உடனடிப் பலனாவது உண்டு. தயாராக இருக்கும் நிர்வாகமோ, முழுத் தளத்தையும் ஒரே மூச்சில் கலைக்க வேண்டியதில்லை. ஊர் அகராதியையும், ஒரு மரணத்துக்குப் பின் ஒரு குடும்பம் செய்யவேண்டிய காரியங்களின் வரிசையையும் முதல் வேலையாக ஒப்படைத்து, அவ்விரண்டும் திங்கட்கிழமை மனுக்களை எவ்வளவு குறைக்கின்றன என்று ஒரு வருஷம் கணக்கெடுத்துப் பார்த்தபின், மற்றவற்றைத் தீர்மானிக்கலாம்.